ஜான் டென்வர் விபத்து அறிக்கை: கைப்பிடி எங்கே இருந்தது?

சின்ன விமானங்களில் எரிபொருள் விஷயத்தில் நடக்கும் விபத்து என்றாலே 'பைலட் கவனமா இருந்திருக்கணும்' என்று முடித்துவிடுகிறோம். ஆனால் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2017-ல் வெளியிட்ட எச்சரிக்கைக் குறிப்பின்படி, இப்படி மாட்டிக்கொள்பவர்களில் பயிற்சி மாணவர்கள் 2 சதவீதம்தான். ஏறக்குறைய பாதிப் பேர் வணிக உரிமமோ அதற்கு மேலோ வைத்திருப்பவர்கள். அனுபவம் இருந்தும் ஏன் தப்பு நடக்கிறது?

இதற்கு அதே வாரியத்தின் பழைய அறிக்கை ஒன்றைப் படிக்கணும். 1997 அக்டோபர் 12 அன்று பாடகர் ஜான் டென்வர் கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் விழுந்து இறந்த விபத்து அது. அவருக்கு 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவம் உண்டு. ஓட்டியது லாங்-ஈஸி, ஒருவர் தன் கையால் கட்டிய விமானம். அதை வாங்கி அதிக நாள் ஆகவில்லை.

லாங்-ஈஸியில் இரண்டு டேங்க். எஞ்சின் ஒரு நேரத்தில் ஒன்றிலிருந்துதான் எரிபொருள் எடுக்கும். பழைய பைக்கில் ரிசர்வுக்குத் திருப்புவோமே, அந்த மாதிரி பைலட்தான் கையால் மாற்றணும். மூல வரைபடத்தில் அந்தக் கைப்பிடி பைலட்டுக்கு முன்னால், கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். எந்தப் பக்கம் எந்த டேங்க் என்ற குறியீடும் இல்லை. எரிபொருள் அளவைப் பார்க்கவும் திரும்பணும். இதே மாதிரி விமானத்தில் சோதித்தபோது, கைப்பிடியைப் பிடிக்க உடம்பைத் திருப்பினால் வலது கால் தானாக ரடர் பெடலை மிதிப்பது தெரிந்தது.

இவ்வளவையும் கண்டுபிடித்த அறிக்கை முடிவில் என்ன சொல்கிறது? பைலட்டின் கவனம் சிதறியது, தெரியாமல் வலது ரடரை மிதித்தார், கிளம்பும் முன் எரிபொருள் நிரப்பவில்லை: இவை காரணங்கள். கைப்பிடியின் இடம், குறியீடு இல்லாதது, போதிய பயிற்சி இல்லாதது எல்லாம் துணைக் காரணிகள்.

இந்த வரிசையோடுதான் எனக்குச் சண்டை. டென்வர்மீது தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. நிரப்பட்டுமா என்று கேட்டபோது, ஒரு மணி நேரம்தான் பறக்கப்போகிறேன் என்று வேண்டாம் என்றவர் அவர். கைப்பிடி எட்டவில்லை என்பதும் தெரியும். மெக்கானிக்கோடு சேர்ந்து அதில் ஒரு குறடை மாட்டி நீட்டிப் பார்த்திருக்கிறார், சரிவரவில்லை. ஆனால் மனுஷன் கணக்குத் தப்புவது எல்லா விமானத்திலும் நடக்கும். கை எட்டும் இடத்தில் கைப்பிடி இருந்தால் அந்தத் தப்பை வானத்திலேயே சில விநாடியில் சரிசெய்யலாம். இங்கே சரிசெய்யப் போன அசைவே விமானத்தைக் கவிழ்த்தது. அதைத் துணைக் காரணி என்று கீழே தள்ளினால், படிப்பவர் மனசில் 'எரிபொருள் போட மறக்காதே' என்பது மட்டும்தான் நிற்கும்.

கையால் கட்டிய பழைய விமானம் வாங்குபவர்கள் முதலில் சீட்டில் உட்கார்ந்து, பெல்ட் போட்டு, முன்னால் பார்த்தபடியே கைப்பிடியைத் திருப்பிப் பார்க்கணும். முடியவில்லை என்றால் அதை இடம் மாற்றின பிறகுதான் பறக்கணும்.