சூளையே வீடாகும்போது

பழவேற்காடு ஏரிக்கரை மீனவக் குப்பங்களுக்கு இயற்கை அளித்த கட்டுமானப் பொருள்கள் மூன்று: பனையோலை, உவர்மண், கிளிஞ்சல். ஓலை கூரையாயிற்று, கிளிஞ்சல் நீற்றப்பட்டுச் சுண்ணாம்பாயிற்று. மண் மட்டும் மழைக்குக் கரைந்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரையோரம் எழுந்த கான்கிரீட் தொகுப்பு வீடுகளில் இம்மூன்றுக்குமே இடமில்லை. கிடைக்கும் பொருளைக் கொண்டே நிலைத்த வீடு எழுப்ப இயலாதா? இவ்வினாவுக்குப் புதுச்சேரியில் ஒரு விடை உண்டு. அதை எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதன் மூலவர் ஈரானில் பிறந்த கட்டடக் கலைஞர் நாதிர் கலீலி (1936–2008). ரூமியின் கவிதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும்கூட. மண் வீட்டையே சூளையாக்கிச் சுடும் முறைக்கு அவர் இட்ட பெயர் ‘கெல்தஃப்தான்’. பாரசீகத்தில் ‘கெல்’ என்பது களிமண். ‘தஃப்தான்’ என்பது சுடுதல். 1971இல் டெபோரா ஸ்மித்துடன் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் மட்கலக் கூடத்தை நிறுவிய அமெரிக்கரான ரே மீக்கர், 1980களின் நடுவிலிருந்து இவ்வழியில் சோதனைகள் நடத்தினார். பச்சைக்கல்லாலும் சேற்றுச் சாந்தாலும் வீட்டைக் கட்டி, உள்ளே மேலும் பச்சைக்கல்லையும் ஓட்டையும் அடுக்கித் தீ மூட்டுவர். வழக்கமாகச் சூளைச் சுவர் உறிஞ்சி வீணாக்கும் வெப்பம் இங்கே வீட்டைச் சுடுகிறது. உள்ளே வெந்தவை விலைபோய் எரிபொருள் செலவைத் தாங்குகின்றன.

மீக்கரின் உத்தியைக் கொண்டு கட்டடக் கலைஞர் அனுபமா குண்டூ, வொலொந்தாரியா அமைப்பின் ஆதரவற்ற சிறார்க்கு 2008இல் புதுச்சேரியில் இல்லங்கள் அமைத்தார். இவற்றில் மிதிவண்டிச் சக்கர வளையங்கள் முதலில் கட்டுமான அச்சாக நின்றன. பின்னர் சன்னல் கம்பிகளாயின. குளியலறைப் பகுதிச் சுவர்களில் கண்ணாடிப் புட்டிகள் கல்லுக்கு ஈடாகப் பாரம் தாங்குகின்றன. கூரை வளைவில் பதித்த தேநீர்க் குவளைகள் ஒளியை உள்ளே விடுகின்றன. கழிவுப்பொருளை ஒட்டி வியப்பூட்டும் கலை எளிது. அதற்கு வேலை கொடுப்பதே அரிது. இவ்வில்லங்களின் சிறப்பு இதுவே.

எனினும் குறையைச் சொல்லாமல் விடலாகாது. எரிபொருள் விலை ஏறினாலோ, சுட்ட கல்லை வாங்க அருகில் ஆளில்லாவிடிலோ கணக்குப் பொய்க்கும். தேர்ந்த கைகள் இன்றி இவ்வளைவுகள் எழா. ஏழையின் வீடென்று தொடங்கிய முறை ஏழைகளிடையே பரவாமற்போனதை மறுப்பதற்கில்லை.

இவ்வீட்டை அப்படியே பழவேற்காட்டிற்குக் கொணரலாமா என்றால், மண்ணே மறுக்கும். கிளிஞ்சல் துணுக்குகள் கலந்த களிமண்ணைச் சுட்டால் அவை சுட்ட சுண்ணாம்பாகும். பின்னர் ஈரம் உறிஞ்சிப் பருத்துச் சுவரைப் பிளக்கும். சாந்தில் துணையாகும் கிளிஞ்சல், செங்கல்லில் பகையாகும்.

இங்கே காஷான் நகரக் குயவர்கள் வழிகாட்டுகின்றனர். சீனப் பீங்கானுக்குரிய மண் அவர்களிடம் இல்லை. பத்துப் பங்கு படிகக்கல் தூள், ஒரு பங்கு கண்ணாடித் தூள், ஒரு பங்கு வெண்களிமண் என்னும் தம் கலவையை அவர்கள் கண்டனர். அபுல் காசிம் அதை 1301இல் எழுதி வைத்தார். அவர்கள் சீனத்திடம் கற்றது மேன்மையின் அளவுகோலை. பொருளைத் தம் நிலத்திலேயே தேடினர். பழவேற்காடும் புதுச்சேரியிடம் கேட்க வேண்டியது குவிமாடத்தை அன்று. உள்ளூர்ப் பொருளைச் சோதித்தறியும் பொறுமையை. ஓலையும் சுண்ணாம்பும் அந்தச் சோதனைக்காக இன்னும் கரையிலேயே காத்திருக்கின்றன.