குறி தப்பிய சிரிப்பு

1830களில் லண்டனில் ராபர்ட் சீமோர் வரைந்த வேட்டைக் கேலிச் சித்திரங்களைப் பார்த்தால் இன்றைக்கும் சிரிப்பு வரத்தான் செய்கிறது. நகரத்துக் கடைக்காரனும் எழுதுவினைஞனும் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். நடையுடை எல்லாம் ஜமீன்தார் மாதிரி, சுடத்தான் தெரியாது.

இந்தக் கேலிக்குப் பின்னால் ஒரு சட்டக் கதை இருக்கிறது. 1671ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கிலாந்தில் காணி வருமானம் உள்ளவர்களே வேட்டையாடலாம். 1831இல் அந்தத் தடை நீங்கியது. காசு கட்டி அனுமதிப்பத்திரம் எடுத்தால் போதும் என்றாயிற்று. நடுத்தர வர்க்கத்துக்கு வேட்டை ஒரு நாகரிகமாயிற்று. 1836இல் டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ தொடங்கியதும் இப்படியான அரைகுறை வேட்டைக்காரர் சங்கம் ஒன்றை வரையலாம் என்ற சீமோரின் யோசனையில்தான். பிறகு ‘பஞ்ச்’ இதழில் ஜோன் லீச் வரைந்த மிஸ்டர் பிரிக்ஸும் அதே வம்சம்.

சும்மா சொல்லக்கூடாது, கோடுகளில் உயிர் இருக்கிறது. ஆனால் சிரிப்பு யார்மேல் விழுகிறது? “இவனுக்கு எதற்கு இந்த வேலை?” என்பதே கேலியின் சாரம். குறி தப்பினால் கோமாளி. அப்படியானால் குறி தப்பாதவன்?

அவனைத் தேடி நாம் லண்டனுக்குப் போகவேண்டியதில்லை. நம்ம பதுளையே போதும். இங்கே உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் ரொஜர்ஸ் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் தம் வேட்டைகளைப் பெருமையோடு புத்தகமாகவே எழுதினார். சீமோரின் அளவுகோலால் இவர்களைக் கேலிசெய்ய முடியாது. இவர்களுக்குச் சுடத் தெரியும். அந்தக் கலையின் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. திறமையின்மையைக் கண்ட கண், கொலையைக் காணவில்லை.

இன்னொன்றையும் அது காணவில்லை. தடம் பார்த்தவன், சுமை தூக்கியவன் எங்கே? தோற்கயிற்றோடு காட்டுக்குள் போய் யானையை உயிரோடு பிடித்த நம் முஸ்லிம் பணிக்கர்களைப் பற்றி எமர்சன் டெனன்ட் 1859இல் வியந்து எழுதினார். ஏறாவூர்ப் பணிக்கர் பெயர் இன்றும் நம்மவர் வாயில் இருக்கிறது. அவர்களுக்கு அது பிழைப்பு. துரைமாருக்குப் பொழுதுபோக்கு. இரண்டையும் ‘வேட்டை’ என்ற ஒரே சொல்லால் மூடிவிடுகிறோம்.

இது பழங்கதை இல்லை. மானும் மரையும் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. வனஜீவராசிச் சட்டம் 1937இலேயே வந்துவிட்டது. இருந்தும் லீவு நாளில் இறைச்சிக்காக மட்டுமில்லாமல் பெருமைக்காகவும் காட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தோட்டப் பக்கம் பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் சிறுத்தை மாட்டிச் சாவதும் நடக்கிறது. லுணுகலையிலோ பிபிலையிலோ ஒரு பிள்ளை நாளைக்குக் கேலிச் சித்திரம் வரைய உட்கார்ந்தால், சுருக்கு வைத்த ஏழையைக் கோமாளியாக்குவது சுலபம். சீமோர் செய்தது அதைத்தான். செத்த மிருகத்தின்மேல் கால் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளும், குறி தப்பாத கனவானை வரையட்டும். அவனைப் பார்த்துச் சிரிக்க நமக்கு இன்னும் பழக்கமில்லை.