பேஸ்மட்டத்தின் உயரமும் உள்ளே கொட்டிய மண்ணும்

சேலம், நாமக்கல் பக்கம் வீடு கட்ட இறங்குகிறவர்கள் முதலில் பேசி முடிப்பது பேஸ்மட்டத்தின் உயரத்தை, அதாவது வீட்டுத்தரை சுற்றுத்தரைக்கு மேல் எவ்வளவு ஏறும் என்பதை. மனையில் இருப்பது செம்மண்ணா கரிசலா, எத்தனை அடியில் சுக்காம்பாறை தட்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான். தேசியக் கட்டட விதித்தொகுப்பு கேட்பது சுற்றுத்தரையிலிருந்து குறைந்தது 45 செ.மீ., அதாவது ஒன்றரை அடி. நம் ஊர்களிலோ மூன்றடி, நாலடி சாதாரணமாகிவிட்டது.

இந்த உயரத்துக்கு நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பழைய தார்ச்சாலையின் மேலேயே புதுச்சாலை போட்டுப் போட்டு, தெரு உயர்ந்து வீடுகள் பள்ளமாகிவிட்டன. பழையதைச் சுரண்டி எடுத்த பிறகே புதிது போட வேண்டும் என்று 2021-இல் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். ஆனாலும் அதை நம்பி வீட்டைத் தாழ்த்திக் கட்ட ஆளில்லை. குமாரபாளையம், பள்ளிபாளையம் ஆற்றோரத் தெருக்களின் கதை வேறு. 2022 ஆகஸ்டில் மேட்டூர் அணையிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் திறந்தபோது அங்கே வீடுகளுக்குள் காவிரி புகுந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ஒவ்வோர் அடி உயரத்துக்கும் மதிப்புண்டு.

சிக்கல், அதே அளவை வெள்ளமே எட்டாத மேட்டு நிலத்திலும் கண்ணை மூடிக்கொண்டு வைப்பதில் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு மூன்றடி பேஸ்மட்டம் என்றால் ஏறக்குறைய 30 யூனிட் (யூனிட்டுக்கு நூறு கன அடி) மண் உள்ளே போக வேண்டும்; ஒன்றரை அடிக்கு அதில் பாதி போதும். அந்த மண்ணை எட்டு அங்குலத்துக்கு மேற்படாத அடுக்குகளாகப் பரப்பி, நனைத்து, ஒவ்வொன்றையும் இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். நடப்பது வேறு. டிப்பரில் வந்த கிராவலும், இடித்த வீட்டின் கட்டட இடிபாடும் ஒரே மூச்சில் உள்ளே விழுகின்றன. மேலே ஹோஸ் பைப்பில் தண்ணீர் விட்டுவிட்டு, "தானா செட் ஆயிரும்" என்கிறார்கள். மணலுக்கு அது ஓரளவு பொருந்தும். களி கலந்த செம்மண்ணுக்குப் பொருந்தாது.

விளைவு உடனே தெரியாது. சுவர்கள் அடியில் ஓடும் கான்கிரீட் பிளிந்த் பீம் மேல் நிற்பதால் அவை அசையாது. மண்ணை நம்பிக் கிடக்கும் தரை மட்டும் இறங்கும். மூன்றடி நிரப்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு அமுங்கினாலே கிட்டத்தட்ட இரண்டு அங்குலம். சுவரோரம் ஸ்கர்ட்டிங்குக்கும் டைல்ஸுக்கும் நடுவே முதலில் மயிரிழை, பிறகு விரல் நுழையும் சந்து. டைல்ஸைத் தட்டினால் நடுக்கூடத்தில் வெற்றொலி கேட்கும். இடிபாட்டோடு உள்ளே போன மரத்துண்டுகள் கரையானுக்கும் விருந்து.

உயரத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. மூன்றடி ஏற ஆறு படி வேண்டும். சக்கர நாற்காலிக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் சாய்தளம் போட்டால் 36 அடி நீளம். முப்பதுக்கு நாற்பது மனையில் அது நடக்காது. ஆகவே படியும் வண்டி ஏற்றும் சரிவும் தெருவுக்கு இறங்கி சாக்கடையை மூடுகின்றன. மழைநீர் போகவழியின்றித் தெருவில் நிற்கிறது. அதைப் பார்த்து அடுத்து கட்டுகிறவர் இன்னும் அரையடி ஏற்றுகிறார்.

மாற்று என்ன? உள்ளே மண்ணே நிரப்பாமல், பிளிந்த் பீம்களின் மேல் கம்பி கட்டித் தளம் போடலாம். அடியில் காற்றோடும் தரை நமக்குப் புதிதல்ல. நாமக்கல் முட்டைக்கோழிகள் தூண்மேல் உயர்த்திய கூண்டுகளில் அப்படித்தான் வாழ்கின்றன. இப்படிக் கட்டினால் தரை இறங்காது, ஈரம் ஏறாது. ஆனால் கம்பி, சிமெண்ட் செலவு கூடும். அடியிடைவெளியை அடைக்காவிட்டால் எலியும் பாம்பும் குடியேறும். வீடு முழுதுக்கும் ஒரே கம்பிப் பலகையாக ராஃப்ட் போடுவது இன்னொரு வழி. பொங்கிச் சுருங்கும் கரிசலிலும், தூர்த்த குளத்திலும் அதைப் பற்றி யோசிக்கலாம். அங்கேயும் மண் பரிசோதனை சொன்ன பிறகுதான். நாலைந்து அடியில் சுக்காம்பாறை தட்டும் மேட்டில் ராஃப்ட் போடுவது வீண்செலவு. அங்கே தூண் குழியைப் பாறை வரை இறக்கினால் போதும். நம் குவாரிகளின் கருங்கல்லால் கட்டிய கடைக்காலும் சிறு வீட்டைத் தாங்கும்.

ஆக, மேட்டு நிலத்தில் இரண்டடிக்குள் நின்று, மண்ணை அடுக்கடுக்காக இடித்து நிரப்புவதே சிக்கனமும் உறுதியும். தெருவோ வெள்ளமோ அதற்கு மேல் உயரம் கேட்டால், கூடுதல் மண்ணுக்கும் டிப்பருக்கும் கொடுக்கும் பணத்தைக் கம்பித் தளத்தில் போடுவது மேல். ஒப்பந்தம் எழுதும்போது பேஸ்மட்டம் எத்தனை அடி என்பதோடு, எத்தனை அடுக்காக இடிப்பார்கள் என்பதையும் எழுதி வாங்க வேண்டும். முதலாவதைத் தெருவே பார்த்துக்கொள்ளும். இரண்டாவதை டைல்ஸ் ஒட்டிய பிறகு யாராலும் பார்க்க முடியாது.