சனிக்கு இரண்டு தேதியா?

சூரியக் குடும்பத்தின் இயக்கத்தைக் கணிப்பொறித் திரையில் ஓட்டிப் பார்க்க விரும்பும் மாணவர், கோள்களின் நிலைகளை அறிய வீட்டிலுள்ள பஞ்சாங்கத்தைப் புரட்டலாமா?

சனி கும்ப ராசியில் புகுந்தது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. வாக்கியப்படி அவ்வாண்டு டிசம்பர் 20. வானத்தில் சனி ஒன்றுதான். தேதிகளுக்கிடையே 11 மாதங்கள்!

வாக்கிய முறை இகழத்தக்கதன்று. வாக்கியங்களாக மனப்பாடம் செய்த எண்களைக் கொண்டு, தரையில் சோழிகளை அடுக்கியே ஒரு தமிழ்க் கணிதர் 1825-ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்ததை ஜான் வாரன் பதிவு செய்துள்ளார். தொடக்க நேரம் 4 நிமிடமே பிசகிற்று. ஆனால், முன்னோர் தந்த எண்களை வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தாமல் விட்டது பின்வந்தோர் குற்றம். ஆண்டுதோறும் சேரும் சிறு பிழை, நூற்றாண்டுகளில் பெரிதாகிவிடுகிறது.

திருக்கணிதம் திருத்தமானது. எனினும் அதுவும் பூமியிலிருந்து பார்க்கும் திசையையே கூறுகிறது. நம் மாதிரி ஓடுவதற்குச் சூரியனிலிருந்து கோளின் தொலைவும் வேகமும் வேண்டும். இவற்றை அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம், 'ஹொரைசன்ஸ்' அட்டவணையில் இலவசமாகத் தருகிறது.

எந்த அட்டவணையானாலும், ஓர் இரவு மொட்டை மாடிக்குச் சென்று சனியைப் பார்த்துச் சரிபாருங்கள். வானத்தோடு பொருந்தாத எண், எவ்வளவு பழமையானதாயினும் நமக்கு உதவாது.