உயிரணுக் கலப்பும் சித்தாந்தச் சான்றுகளும்

வேலூரினின்று திருவண்ணாமலைக்குச் செல்லும் பெருவழியிற் சவ்வாது மலையை எதிர்நோக்கியிருப்பது கணியம்பாடி. அண்மையில் இவ்வூரில் நிகழ்ந்த ஒரு சமயச் சொற்பொழிவில், மக்களுடற் கூற்றையும் விலங்கினுடற் கூற்றையும் கலந்து ஆராயும் இற்றைநாள் மருத்துவம் பேச்சிடை வந்தது. சொற்பொழிவாளர், "இஃது எம் புராணங்களில் முன்னரே உள்ளது, ஆகலிற் சைவர்க்கு உடன்பாடே" என முடித்தார். அவையிலிருந்த மற்றோரன்பர் எழுந்து, "அற்றன்று, இஃது ஆன்மாவையே மாசுபடுத்தும் பாதகம்" என்றார். இருவரும் தத்தம் கூற்றிற்குச் சிவஞான சித்தியாரையே சான்றாகக் காட்டினர். ஒரு நூலே தம்முள் மாறுகொண்ட இரு முடிபுகட்குச் சான்றாயின், பிழை நூலின்கண் இல்லை. எடுத்தாண்டார்கண் உள்ளது என்பது தெளிவு. அவ்விருவர் கூற்றையும் ஈண்டு ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சி வெறும் வாதத்தின் பொருட்டன்று. அவை கலைந்தபின் ஓரன்பர் என்னைத் தனியே அழைத்து, தம் மைந்தன் பதினான்கு வயதினன் என்றும், பிறவியிலேயே குருதி உறையாமை நோயுடையான் என்றும், முழந்தாள் மூட்டிற் குருதி கசிந்து வீங்கிப் பலநாள் நடையின்றிக் கிடப்பான் என்றும் கூறி, "ஐயா, வேலூரிற் புதிதாகக் கண்ட மருத்துவத்தில் பன்றியின் கூறு கலந்துள்ளதாமே, நாளை அவனுக்கு அது வாய்க்குமாயின், ஏற்றபின் அவன் தீக்கை பெறலாமா? சிவபூசை செய்யலாமா?" என வினவினார். பேசினார் இருவரும் இவ்வினாவிற்கு விடை பகர்ந்திலர்.

முதற்கண் செய்தியை உள்ளவாறு அறிதல் வேண்டும். குருதி உறைதற்கு வேண்டும் எட்டாங் காரணி என்னும் புரதம் இன்மையால் வருவது இந்நோயின் பெருவகை. ஆண்மகவு ஏறத்தாழ 5000 பிறப்பின் ஒருவர்க்கு உளதாவது. கணியம்பாடிக்கு வடக்கே பாகாயத்திலுள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரி வளாகத்துக் குருத்தணு ஆராய்ச்சி நடுவத்தாரும் அக்கல்லூரி மருத்துவரும் கூடி, இந்நோய் கடிதாகவுடைய ஐவர்க்கு மரபணு மருத்துவம் செய்து, 2024 திசம்பரில் அதன் முடிபை வெளியிட்டனர். நோயாளியின் குருதிக் குருத்தணுக்களையே எடுத்து, எட்டாங் காரணியை ஆக்கும் மரபணுவை அவற்றுட் புகுத்தி, மீள அவருடலிற் செலுத்துவது அம்முறை. ஐவருள் இளையவர் 22 வயதினர், மூத்தவர் 41 வயதினர். மருத்துவத்தின்பின், ஐவர்க்கும் கூட்டிக் கணக்கிட்ட 81 திங்களில் ஒருவர்க்கேனும் குருதிக் கசிவு நிகழ்ந்திலது.

அன்பர் கேள்வியுற்ற செய்தியும் மெய்யே. அம்மரபணு முற்றும் மக்களதன்று. பன்றியின் எட்டாங் காரணி மிகுதியாகச் சுரக்கும் இயல்பினது. ஆகலின் அதன் சில பகுதிகளை மக்களது காரணியோடு இயைத்து அமெரிக்க நாட்டு எமரி பல்கலைக்கழகத்தார் வகுத்த கலப்பு வடிவமே ஈண்டு ஆளப்பட்டது. அது பத்தில் ஒன்பது கூறு மக்களதனோடு ஒத்தது. இதன்பொருட்டு நோயாளிதோறும் ஒரு பன்றி கொல்லப்படுவதில்லை. பன்றியின் தசையோ குருதியோ அவருட் புகுவதுமில்லை. எழுத்தொழுங்கு மாத்திரமே எடுக்கப்பட்டது. செல்லரித்த ஏட்டின் சிதைந்த அடியைப் பிறிதோர் ஏட்டின் பாடங்கொண்டு நிரப்புவார் செயலை யாம் அறிவோம். நிரப்பியதனால் இவ்வேடு அவ்வேடாகிவிடாது.

இனி, மயக்கத்திற்கு முதற்காரணமாய சொல்லை நோக்குவாம். 'உயிரணு' என இக்காலத்தார் வழங்குகின்றனர். உயிர் என்பது ஆன்மா. அணு என்பதும் சிவாகமங்களில் ஆன்மாவிற்கே பெயர். வியாபகமாகிய உயிர் ஆணவத்தாற் குறுகி அணுத்தன்மைப்பட்டமையின் அப்பெயர் பெற்றது. ஆகவே, இச்சொல்லைக் கேட்ட சைவர் ஒவ்வோர் உயிரணுவும் ஓர் ஆன்மா என மயங்குதல் இயல்பே. சொல்லை ஆக்கினார் ஆகமம் கல்லாமை அவர்மேற் குற்றமன்று. அச்சொல்லைக் கொண்டு சித்தாந்தம் பேசுவார் கற்றிருத்தல் வேண்டும். 'கண்ணறை' என முன்னோர் சிலர் ஆண்ட சொல்லே நேரிது. அது பருவுடலின் ஒரு சிறு கூறு, மாயையின் காரியம், சடம்.

இவ்வளவு தெளியின் இரண்டாமவர் கூற்று நில்லாது. சிவஞானபோதம் மூன்றாஞ் சூத்திரம் உயிர் உடம்பின் வேறென நிறுவுகின்றது. நான்காஞ் சூத்திரம் அந்தக்கரணங்களின் வேறென நிறுவுகின்றது. தனுவின் ஒரு கூற்றோடு பிறிதொரு தனுவின் கூறு கூடுங்கால், கூடுவன சடமும் சடமுமே. ஆன்மாவும் ஆன்மாவும் அல்ல. நாடோறும் ஆவின்பால் உண்கின்றோம், அஃது எம்முடலாய் விடுகின்றது, யாம் ஆவாகின்றிலேம்.

"உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்பதும் சித்தாந்தமன்றோ? பன்றிக் கூற்றைச் சார்ந்த உயிர் அதன் வண்ணம் ஆகாதோ?" எனின், நன்று கடாயினாய். உயிர் அறிவும் இச்சையும் செயலும் விளங்கப்பெறுவது கருவிகளின் வழியே. அவ்வழியானே சார்பின் வண்ணம் அதனைப் பற்றும். குருதியை உறைவிக்கும் ஒரு புரதம் அறிவிக்கும் கருவியன்று. இவ்வேறுபாட்டை மனத்துட் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

முதலாமவர் கூற்றோ இதனினும் இடர்ப்பாடுடையது. சித்தியார் சுபக்கம் இரண்டாஞ் சூத்திரத்தில் சிலந்தி அரசனானதும் எலி மாவலியானதும் வருதலின், மக்கள் விலங்கு என்னும் எல்லை சைவர்க்கு இல்லை என்றார் அவர். அவ்விடத்து அருணந்தி சிவனார் எவரை நோக்கிப் பேசுகின்றார்? மக்கள் மக்களாகவும் விலங்கு விலங்காகவுமே மீளமீளப் பிறக்கும் என்னும் கொள்கையாரை மறுக்கின்றார். திருவானைக்காவிற் பணிசெய்த சிலந்தி கோச்செங்கட் சோழராய்ப் பிறந்ததும், மறைக்காட்டில் விளக்குத் தூண்டிய எலி மாவலியானதும் ஓருடல் நீங்கி மற்றோருடல் எடுத்தமை. வினைக்கீடாக இறைவன் கூட்டியமை. ஓருடலுட் பிறிதோருடலின் கூற்றை மாந்தர் புகுத்துதற்கு இஃது எங்ஙனம் விதியாம்? மறுப்புரையின் ஒரு தொடரைப் பிரித்தெடுத்து வேண்டியாங்கு நடுதல் உரைமரபு அறிந்தார் செயலன்று.

தக்கனது ஆட்டுத்தலையும் வியாக்கிரபாதரது புலிக்காலும் அவர் காட்டியனவே. தக்கன் கதையால் ஒன்று பெறலாம்: தலை மாறியும் உயிர் மாறிற்றில்லை. அதற்குமேல் ஒன்றும் இல்லை. அது தண்டமும் அருளுமாக நிகழ்ந்தது, மாந்தர் செய்தற்கு வகுத்த முறையன்று. வியாக்கிரபாதர் வண்டு தீண்டாத மலர் பறித்தற்குத் தாமே வேண்டிப் புலிக்கால் பெற்றார். அதன்பொருட்டு ஒரு புலியும் கால் இழந்ததாக யாண்டும் கேட்டிலேம்.

அவர் மிக விரித்தது திருவிளையாடற் பன்றிக்குட்டிகளின் கதை. அக்குட்டிகள் பன்னிரண்டும் பன்றிமுகமும் மக்களுடலும் பெற்றுப் பாண்டியற்கு அமைச்சராயின என்பதைச் சுவைபடக் கூறினார். அதற்கு முன்னிகழ்ந்ததனை விட்டுவிட்டார். தாயிழந்து பசியால் வாடிய குட்டிகளுக்குச் சொக்கலிங்கப் பெருமான் தாய்ப்பன்றியாய் வந்து முலைகொடுத்தான். அக்கதையை ஆய்வுக்கூடத்திற்குச் சான்றாக்குவார் அங்குள்ள விலங்கின் பசியையும் நோவையும் வினவாது விடுதல் கதையைப் பாதியிற் கிழித்தலாம்.

உண்மையாக ஆராயவேண்டுவது இருவரும் தொடாத இடத்து உள்ளது. 2017-ல் அமெரிக்க நாட்டுச் சால்க் ஆய்வகத்தார் மக்கட் குருத்தணுக்களைப் பன்றிக் கருவுட் புகுத்தி நான்கு கிழமை வளரவிட்டனர். மக்கட் கூறு மிகச் சிறிதே நின்றது. 2021-ல் வெளிவந்த ஆய்வில், குரங்கின் கரு 132-இல் கருவொன்றிற்கு 25 மக்கட் கண்ணறை புகுத்திக் கலத்திலேயே வளர்த்தனர். பத்தொன்பதாம் நாளில் மூன்றே எஞ்சின. அவை கருப்பையில் இடப்படவில்லை. பிறர்க்கு மாற்றிவைத்தற்குரிய சிறுநீரகம் முதலியவற்றை விலங்கினுள் விளைவித்தலே இத்தகைய ஆய்வுகளின் குறிக்கோள். நோக்கம் தீதன்று.

ஆயின் கருவில் புகுந்த கண்ணறை சிறுநீரகத்தோடு நின்றுவிடும் என்பதற்கு உறுதி யாது? மூளையிற் பரவின் என்னாம்? முன்னர்க் கொண்ட வேறுபாடு ஈண்டுப் பயன்படும். மூளை அந்தக்கரணமன்று, எனினும் அந்தக்கரணம் பருவுடலை இடமாகக்கொண்டே தொழிற்படுதலின், இடம் திருந்தின் தொழிற்பாடும் மிகும். அவ்விலங்குடலைப் பற்றிய உயிர், தன் இனத்திற்கு இல்லாத அறிவு விளக்கமும் அதனோடு நினைந்து நோதலும் பெறக்கூடும். மக்கள் தூய்மை கெடும் என அஞ்சுவார் அஞ்சுக. யாம் அஞ்சுவது அவ்வுயிர்பொருட்டு. துன்பத்தை அறியும் கருவியை அதற்குக் கொடுத்து, கூட்டில் அடைத்து, எண்ணிட்ட பொருளாக நடத்துதல் எவ்வாற்றானும் சிவநெறிக்கு இயையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் உயிர்த்தொழில்நுட்பத் துறையும் 2017-ல் வெளியிட்ட நெறிமுறை, மக்கட் குருத்தணுவை விலங்கின் கருவிற் புகுத்தும் ஆய்வைக் கட்டுப்பாட்டின்கீழ் வைத்து, மூளையிலோ பிறப்புறுப்பிலோ பெரிதும் சேரக்கூடுமாயின் தக்க காரணம் காட்டவேண்டும் என்கின்றது. அவ்விலங்குகளை இனம்பெருக்கவிடலாகாது என்றும் விதிக்கின்றது. ஆகமம் கல்லாதார் இயற்றிய அவ்விதி எம் சொற்பொழிவாளர் கூற்றினும் சித்தாந்தத்திற்கு அணித்தாயிருத்தல் காண்க.

அன்பர்க்கு யான் உரைத்த விடை இது: மைந்தன் அம்மருத்துவம் ஏற்பின் அவன் உயிர்க்கும் தீக்கைக்கும் பூசைக்கும் ஒரு குறையும் இல்லை. இப்பொழுது உலகில் வழங்கும் எட்டாங் காரணி மருந்துகளிற் பல, மக்களது மரபணுவை வெள்ளெலி இனத்துக் கண்ணறையிற் புகுத்தி விளைவிப்பனவே. கலப்பு நெடுநாளாக உள்ளது. மூட்டு நோவான் சம்மணமிட்டு அமர இயலாதேல் நாற்காலியில் இருந்தே பூசிக்கட்டும் என்றேன். தந்தையார் கண்கலங்கினார்.

ஒன்று மட்டும் என்னால் முடிவுசெய்யக் கூடவில்லை. ஆய்வுக்கூடங்களிற் கண்ணறைகளை வளர்த்தற்குக் கன்றின் ஊனீர் பெருவழக்காக ஆளப்படுகின்றது. அது கொலைக்களத்துச் சினைப்பசுவின் வயிற்றுக் கன்றினின்று எடுப்பது. ஊனீரின்றி வளர்க்கும் முறைகளும் வந்துள்ளன. விலை மிகுதி என்பர். நோய்தீர்த்தற் பொருட்டு ஏற்பார்க்கு அக்கொலையிற் பங்கு எவ்வளவு? உண்பார் பொருட்டே கொல்லப்பட்டதன் எச்சத்தை எடுத்தல் கொலைக்கு உடன்படுதலாமோ? ஆதீனப் புலவர்கள் கொல்லாமை விதியை ஆகம வழிநின்று ஆராய்ந்து இப்பத்திரிகையில் எழுதுவாராயின் அடியேன் கற்றுக்கொள்வேன்.