மறைந்த வரிகளும் தேடலின் எல்லையும்: உரைத்திருத்திக் கட்டளைகள் குறித்த ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

உரைக்கோப்பின் வரிகளை மறைத்துவிட்டு, தேடும் சொல் அமைந்த வரிகளை மட்டும் வெளிக்கொணரும் வசதி சில உரைத்திருத்திகளில் உண்டு. ஐஎஸ்பிஎஃப், விம் ஆகிய இரண்டிலும் இவ்வசதி இயங்கும் முறையை இக்கட்டுரை ஒப்பிட்டு மதிப்பிடுகிறது. தேடலில் அகப்படாத வரிகள் தமிழ் இலக்கிய ஆய்வின் முடிவுகளை எவ்வாறு பாதிக்கின்றன என்பதையும் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உரைத்திருத்தி, மறைவரி, தேடல், புணர்ச்சி, ஒருங்குறி, இன்மைச் சான்று.

முன்னுரை

மின்னுரைகள் பெருகியுள்ள இக்காலத்தில், ஒரு சொல் ஒரு நூலில் எத்தனை இடங்களில் பயின்று வருகிறது என்பதைத் தேடல் கட்டளையின் துணைகொண்டு கணக்கிடுவது எளிய வழக்கமாகிவிட்டது. அகப்பட்டவை சான்றாகின்றன, அகப்படாதவை ‘இல்லை’ எனக் கொள்ளப்படுகின்றன. முன்னதை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துவிடலாம். பின்னதைச் சரிபார்க்கும் முயற்சி அரிதாகவே நிகழ்கிறது. ஆகவே ஒரு கருவி எதைக் காட்டுகிறது என்பதோடு, காட்டாமல் விட்டதை எவ்வாறு அறிவிக்கிறது என்பதும் ஆராயத்தக்கது.

ஐஎஸ்பிஎஃப்: எண்ணிச் சொல்லும் மறைப்பு

ஐபிஎம் பெருங்கணினிகளில் நிரலர்கள் பயன்படுத்தும் உரைத்திருத்தி ஐஎஸ்பிஎஃப். இதில் ‘எக்ஸ்க்ளூட் ஆல்’ என்னும் கட்டளை கோப்பின் எல்லா வரிகளையும் திரையிலிருந்து மறைக்கிறது. பின்னர் ‘ஃபைண்ட் ஆல்’ என்பதோடு ஒரு சொல்லைச் சேர்த்து இட்டால், அச்சொல் அமைந்த வரிகள் மட்டும் வெளிப்படுகின்றன. மறைந்த வரிகளுக்குள்ளும் தேடுவதும், அகப்பட்டதை வெளிக்காட்டுவதும் இக்கட்டளையின் இயல்பு.

இங்குக் கருதத்தக்கது, மறைந்த பகுதி ஒவ்வொன்றின் இடத்திலும் ஒரு கோடு தோன்றி, அங்கு எத்தனை வரிகள் காட்டப்படவில்லை என்பதை எண்ணால் சொல்வதாகும். இரு சான்றுவரிகளுக்கு இடையே மூன்று வரிகள் உள்ளனவா, முந்நூறு வரிகள் உள்ளனவா என்பது பார்த்த அளவில் விளங்கும். ‘ஃப்ளிப்’ என்னும் கட்டளையோ நிலையைத் தலைகீழாக்குகிறது: வெளிப்பட்டவை மறைய, மறைந்தவை வெளிப்படுகின்றன.

இவ்வசதியில் இடரும் உண்டு. சொல்மாற்றக் கட்டளையைக் கோப்பு முழுமைக்கும் இடும்போது, வெளிப்பட்ட வரிகளுக்கு மட்டும் என வரையறுக்காவிடில், மறைந்த வரிகளும் மாற்றத்துக்கு உள்ளாகும். கண்ணுக்குத் தெரியாமை பாதுகாப்பு ஆகாது.

விம்: சூழலோடு திறக்கும் மடிப்பு

விம் திருத்தியில் 2001ஆம் ஆண்டின் 6.0 பதிப்பு முதல் வரிகளை மடித்து வைக்கும் வசதி உள்ளது. மூடிய மடிப்பு ஒற்றை வரியாகத் தோன்றி, தன்னுள் அடங்கிய வரிகளின் எண்ணிக்கையைக் காட்டும். தேடும் சொல் மடிப்புக்குள் இருந்து, சுட்டி அங்குச் சென்றால், இயல்பான அமைப்பில் அம்மடிப்பு தானே திறந்துகொள்ளும். ஐஎஸ்பிஎஃப் தனி வரியை மீட்கிறது. விம் அவ்வரி அமைந்த மடிப்பைத் திறக்கிறது. செய்யுள் ஒவ்வொன்றும் ஒரு மடிப்பாக வைக்கப்பட்டிருப்பின், சொல்லைத் தேடுபவர் செய்யுளையும் கண்டுவிடுகிறார். இலக்கிய ஆய்வுக்கு இதுவே பொருத்தமானது.

இவ்விரண்டோடு யூனிக்ஸின் ‘க்ரெப்’ கட்டளையை ஒப்பிடலாம். ‘எட்’ என்னும் வரித்திருத்தியின் தேடிக் காட்டும் கட்டளையிலிருந்து பெயர்பெற்ற இது, பொருந்திய வரிகளை மட்டும் தரும். வரியெண்களையும் முன்பின் வரிகளையும் கேட்டுப் பெறலாம். கேளாதவரை, விடுபட்டவை பற்றிய குறிப்பு எதுவும் இராது. திரையில் தோன்றும் தொடர்ச்சி நூலின் தொடர்ச்சி அன்று.

தமிழ் உரையில் அகப்படாதவை

மேற்கண்ட கட்டளைகள் எழுத்துச்சரங்களைப் பொருத்திப் பார்ப்பன; சொல்லை அறிவன அல்ல. தமிழில் இவ்வேறுபாடு பெரிது. ‘மரம்’ எனத் தேடினால் மரத்தை, மரங்கள், மரமும், மரவேர் ஆகிய வடிவங்கள் அகப்படா. ‘மர’ எனச் சுருக்கினால் மரபு, மரணம், மரகதம் ஆகியனவும் வந்து சேரும். ‘பால்’ என்னும் தேடலுக்குப் ‘பாற்குடம்’ புலப்படாது.

இரண்டாவது தடை குறியாக்கத்தைச் சார்ந்தது. ‘கொ’ என்னும் எழுத்தின் ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும், ஒற்றைக்கொம்பும் காலுமாகிய இரு குறிகளாகவும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இயல்பாக்கம் செய்யாத தேடலுக்கு அவை வேறு வேறு. ‘ஔ’ என்பதை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சு செய்த கோப்புகளிலும் இவ்விடர் எழும்.

மூன்றாவது தடை வரியமைப்பு. சீர்பிரித்துப் பதித்த செய்யுளில் வகையுளியால் ஒரு சொல் இரு சீர்களாகப் பிரிந்து, இடைவெளியோடு நிற்கும். அடியிறுதியில் பிளவுபட்டால் அச்சொல் இரு வரிகளில் அமையும். வரியை அலகாகக் கொண்ட தேடல் இதனைத் தவறவிடும். விம் திருத்தியில் வரியெல்லையைக் கடந்து பொருந்தும் கோலத்தை எழுதலாம். ஆயினும் பிளவு நேரக்கூடும் என முன்னரே அறிந்தவரே அவ்வாறு எழுதுவார்.

இம்மூன்றும் ஒரே திசையில் இயங்குகின்றன. வெளிப்படும் வரிகள், ஆய்வாளர் முன்னரே எண்ணிய வடிவத்தைக் கொண்டவை. அவர் எண்ணாத வடிவம் மறைவிலேயே தங்குகிறது. ஒரு சொல் வழக்கு பிற்காலத்தது என்றோ, ஒரு புலவர் அதனை ஆளவில்லை என்றோ கூறும் முடிவு இத்தகைய தேடலை மட்டும் நம்பி எழுமாயின், அது நூலைப் பற்றிய கூற்றாகாது. தேடிய கோலத்தைப் பற்றிய கூற்றாகவே நிற்கும்.

முடிவுரை

மறைவரிகளின் எண்ணிக்கையை அறிவிக்கும் கருவி, அறிவிக்காத கருவியைவிட ஆய்வுக்கு உகந்தது. சூழலோடு திறப்பது, தனி வரியாகத் தருவதைவிடச் சிறந்தது. ‘ஃப்ளிப்’ காட்டும் வழியோ இவ்விரண்டினும் இன்றியமையாதது. தேடல் முடிந்ததும், பொருந்தாத வரிகளைத் திருப்பி, அவற்றில் ஒரு பகுதியையேனும் படித்தல் வேண்டும். விடுபட்ட வடிவங்கள் அங்குத்தான் தென்படும். அவற்றைச் சேர்த்து மீண்டும் தேடலாம். விம், க்ரெப் இரண்டிலும் பொருந்தாத வரிகளை மட்டும் கேட்டுப் பெறும் வழி உண்டு.

இன்மையைச் சான்றாகக் காட்டும் ஆய்வேடு, பயன்படுத்திய மின்பதிப்பு, குறியாக்க இயல்பாக்கம், தேடிய கோலங்கள், பொருந்தாத வரிகளைச் சோதித்த அளவு ஆகிய நான்கையும் குறிப்பிடுவது முறை. பாடவேறுபாட்டைக் குறிப்பது பதிப்பாசிரியரின் கடமையாக இருப்பதுபோல், தேடலின் எல்லையைக் குறிப்பது மின்னுரை ஆய்வாளரின் கடமையாகிறது.