அழகர் ஏன் ஒவ்வொரு வருஷமும் லேட்டாக வருகிறார்?

எதிர்சேவைக்கு மதுரை போயிருந்தபோது, தங்கை மீனாட்சி கல்யாணத்துக்கு அழகர் தாமதமாக வந்து, கோபித்துக்கொண்டு வண்டியூருக்குப் போன கதையை மகளுக்குச் சொன்னேன். "வருஷா வருஷமா லேட்டு? ஒரு தடவையாவது சீக்கிரம் கிளம்பக் கூடாதாப்பா?" என்றாள். சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் சரியான கேள்வி. வீட்டுக்கு வந்ததும் தொ. பரமசிவனின் ‘அழகர் கோயில்’ நூலை மறுபடி எடுத்தேன். முனைவர் பட்ட ஆய்வாக எழுதியது. 1989ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்டது.

கோயில் புராணத்தில் கல்யாணப் பேச்சே கிடையாது. துர்வாசர் சாபத்தால் தவளையாகிப்போன சுதபஸ் முனிவருக்கு விமோசனம் தரத்தான் அழகர் வைகைக்கு வருகிறார். விழா நடப்பதும் அப்படித்தான். அழகர் மீனாட்சி கோயில் பக்கமே போவதில்லை. ஆற்றில் இறங்கி, வண்டியூர் போய், தேனூர் மண்டபத்தில் சாபம் தீர்த்துவிட்டு மலைக்குத் திரும்புகிறார். மீனாட்சியைத் தாரை வார்ப்பவர் திருப்பரங்குன்றத்துப் பவளக்கனிவாய்ப் பெருமாள்.

அது ஏன் ‘தேனூர்’ மண்டபம்? இந்த விழா முன்பு சோழவந்தான் பக்கத்துத் தேனூரில் நடந்தது. திருமலை நாயக்கர் காலத்தில் (1623–1659) அது மதுரைக்கு வந்தது, மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணமும் சித்திரைக்கு மாறியது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். எங்கள் தொழில் பாஷையில், இரண்டு கேலண்டரை மெர்ஜ் பண்ணிவிட்டார்கள். இடித்த இடத்தை ஜனங்கள் ஒரு கதை போட்டு ஒட்டினார்கள்.

நூலின் பலம் இங்கேதான். கல்வெட்டோடும் புராணத்தோடும் தொ.ப. நிற்கவில்லை. கள்ளர், இடையர், பள்ளர், பறையர், வலையர் என்று ஒவ்வொரு சமூகத்துக்கும் கோயிலோடு என்ன உறவு என்று விசாரிக்கிறார். திரி ஏந்துபவர், சாட்டை சுழற்றுபவர், துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுபவர் எல்லாரும் அவருக்கு வேடிக்கைக் கூட்டம் அல்ல, சாட்சிகள். அழகர் கள்ளர் வேடம் போட்டு வருவதற்குப் பின்னாலும் ஒரு சமூக வரலாறு இருக்கிறது என்று அதனால்தான் அவரால் காட்ட முடிகிறது.

எனக்கு உறுத்துவது, இந்தக் கோயில் ஆதியில் பௌத்தக் கோயில் என்ற வாதம். முடியிறக்கும் வழக்கம் போன்ற தடயங்களை வைத்துச் சொல்வது போதாது. பழனியிலும் திருப்பதியிலும்கூட மொட்டை போடுகிறோமே! பரிபாடலின் 15ஆம் பாடல் இருங்குன்றத்தில் மாயோனையும் பலதேவனையும் பாடுகிறது. சிலப்பதிகாரமும் இதைத் திருமால் குன்றம் என்கிறது. மலையில் பிற சமயத்தார் இருந்தார்கள்தான். கிடாரிப்பட்டிப் பக்கத்துக் குகையின் தமிழ்பிராமிக் கல்வெட்டுகள் சமணரைக் காட்டுகின்றன. ஆனால் பக்கத்தில் இருந்தார்கள் என்பது வேறு, கோயிலே அவர்களுடையது என்பது வேறு. களத்தில் ஆளாளுக்கு நின்று விசாரித்தவர், இங்கே சாயலைப் பார்த்தே முடிவுக்கு வந்துவிடுகிறார்.

இதற்காக நூலை ஒதுக்க வேண்டியதில்லை. மதுரைக்காரர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். எது கண்டது, எது ஊகித்தது என்று பிரித்துப் படித்தால் போதும்.

மகளிடம் கதை பொய் என்று சொல்ல மனசு வரவில்லை. இப்படிச் சொன்னேன்: "அழகர் லேட்டா வரலம்மா. அவர் வந்தது வேற வேலைக்கு. நம்ம ஊர்க்காரங்கதான் அவரைக் கல்யாணத்துக்கும் கூப்பிட்டுட்டாங்க."